ஆட்டப் புத்தகத்தில் இரண்டு இடது கால்கள்

பர்மாவில், மிஷன் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து ஆடும் ஒரு சின்னக் கால்பந்துக் குழுவுக்கு நான் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தேன். ஒருநாளும் ஆடியதில்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் ஆவணங்களை வரிசைப்படுத்தி வைப்பது என் வேலை. குழுவிலும் அதே வேலைதான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டப் புத்தகத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, நான் குடியிருந்த பசுந்தாங்கிலிருந்து பஸ் ஏறித் தாமுவேயில் உள்ள மைதானத்துக்குப் போவேன். பந்து உருளுமுன் ஒவ்வொருவர் பெயரும் வயதும் விலாசமும் ஆடும் இடமும் அதில் ஏற வேண்டும். ஏறாதவன் ஆடக்கூடாது. கோல் விழுந்தால் போட்டவன் பெயருக்கு நேரே எந்தக் காலால் என்றும் எழுத வேண்டும்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கால்பந்து ஆட யாரும் கூலி வாங்காத காலத்தில் ஆடியவர். அப்போது கோல் கம்பங்களுக்கு மேலே கட்டை கிடையாது, நாடாதான். முன்வரிசையில் ஆறு பேர். ஒருவன் குனிந்த தலை நிமிராமல் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவான், மற்ற ஐவரும் அவன் தவறவிடும் பந்தைப் பொறுக்கிக்கொள்ள முதுகுக்குப் பின்னாலேயே ஓடுவார்கள். இவர் அந்த ஆறு பேரில் இடது ஓரம். பூட்ஸும் சட்டையும் சொந்தக் காசு. நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். அதைப் பற்றி அவர் எழுதி வைத்தது இரண்டே சொற்கள்: 'காற்று அதிகம்'. பிறகு ஓர் அரிசிக் கம்பெனியில் உதவியாளராக இந்த ஊருக்கு வந்தார். வந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு குழு சேர்த்தார். புத்தகத்தின் முதல் பக்கம் அவர் கையெழுத்து.

அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. அதிலிருந்து அவருடைய ஆட்ட வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். நடுவில் ஓர் இடத்தில் இடித்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் எந்த ஆட்டத்திலும் அவர் பெயர் இல்லை. அவர் இடத்தில் புதிதாக ஒருவன். அவர்கள் நாட்டில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர். அவன் போட்ட கோல்களும் எல்லாம் இடது கால். ஒரு பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதி அழித்திருந்தார்கள். காலை வெயிலில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தபோது எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரிந்தது. இவருடைய பெயர்தான். கை கால் உடைந்தால் வேலைக்கு ஆகாது என்று கம்பெனியில் ஆட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறார்கள். மனிதர் வேறு பெயரில் ஆடியிருக்கிறார்.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு வாரக்கணக்கில் அடங்கவில்லை. பொய்ப் பெயருக்கு மேலே மெய்ப் பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். பழைய புத்தகத்தையும் நாங்கள் அப்போது எழுதிக்கொண்டிருந்ததையும் லத்தா வட்டாரத்தில் ஒரு பைண்டரிடம் கொடுத்து ஒரே அட்டைக்குள் தைத்துக்கொண்டேன். இரண்டு புத்தகம் இருப்பது எனக்கு ஒழுங்காகப் படவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கல் வந்தது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்களின் பெயர்களை வார்டு ஆபீஸ்களில் பட்டியல் போட்டார்கள்.

எங்கள் ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் புத்தகத்தில் பெயர் கொடுக்கும்போது தலையைச் சொறிந்தார்கள். ஒருவன் செத்துப்போன தன் தாத்தாவின் பெயரைச் சொன்னான். கோல்காப்பவன் ஒரு சினிமா நடிகன் பெயரைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகம் பொய் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. சொன்ன பெயரை மையில் எழுதினேன்; சரியான பெயரையும் வயதையும் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். காலம் மாறினால் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

அப்படிப் பென்சிலால் எழுதப்பட்டவர்களில் ஒருவன் என் தங்கை மகன். வயது இருபத்து மூன்று. அவன் அப்பா பர்மாக்காரர், காலமாகிவிட்டார். தங்கையும் அவனும் என்னோடுதான் இருந்தார்கள். குடும்பப் பட்டியலைப் பார்க்க வந்தவர்களிடம், அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்று தங்கை சொல்லியிருந்தாள். ஆக, ஊர்க் கணக்கில் அவன் கடலில் இருந்தான். உண்மையில் ஐந்தாம் மாடியில் எங்கள் வீட்டில் ஜன்னலை ஒட்டாமல் நடந்துகொண்டிருந்தான்.

"ஆட்டத்துக்குப் போகாதேன்னு சொல்லுங்கண்ணே" என்பாள் தங்கை.

"வாரத்துல ஒண்ணரை மணி நேரம் மாமா," என்பான் அவன். "மிச்ச நேரமெல்லாம் நான் கப்பல்லதானே இருக்கேன். கரை இறங்க வேணாமா?"

தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எனக்கு அடுத்த பஸ்ஸில் வருவான். இடது ஓரத்தில் ஆடினான். ஸ்காட்லாந்துக்காரரைப் போலக் குனிந்த தலை நிமிராத ஆட்டம். எல்லாம் இடது கால்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து மூலையில் உள்ள டீக்கடையில் உட்காருவோம். அங்கே ஐந்தாறு சனிக்கிழமையாக ஒருவர் வந்து கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சுத்தமான லோஞ்சிக் கைலி, இஸ்திரி போட்ட சட்டை. அம்மா தமிழ் என்றார்.

"பேச வரும் சயா, படிக்கத்தான் வராது. பேச்சும் இந்தத் தாமுவே தமிழு, சிரிக்காதீங்க."

சயா என்று மரியாதையாகக் கூப்பிட்டதும், ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்து பேசியதும் எனக்குப் பிடித்திருந்தது. ஸ்காட்லாந்துக்காரரின் கதையைக் கேட்டார். கூலி வாங்காமலா ஆடினார், ஆறு பேரா முன்னால், என்று சரியான இடங்களில் ஆச்சரியப்பட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கதையை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பொய்ப் பெயரைக் கண்டுபிடித்த கதையையும் சொன்னேன். வெயிலில் பக்கத்தைச் சாய்த்த விதத்தை டீக்கடை மெனு அட்டையை வைத்துச் செய்தே காட்டினேன்.

"இங்கிலீசு கொஞ்சம் படிப்பேன். அந்தப் புஸ்தகத்த ஒரு வாரம் தர்றீங்களா சயா? பத்திரமா தந்துருவேன்."

இந்த ஊரில் ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராத கூச்சத்துக்கு ஆனாடே என்று பெயர். அதுதான் காரணம் என்று எழுதினால் பாதி பொய். மீதி பெருமை. பழையது மட்டும்தான் அவர் கேட்டார். ஆனால் நான் இரண்டையும் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தேன். பென்சில் குறிப்புகளும் இங்கிலீஷில்தான் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. இந்த மனிதர் அதையெல்லாம் ஏன் பார்க்கப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறையோடு கொடுத்தேன். வாங்கியவர் நெற்றிக்குக் கொண்டுபோய்த் தொட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கை படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை. விலாசச் சான்று வாங்க வார்டு ஆபீசுக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, உங்க டீக்கடை சிநேகிதர் இருக்காரே, அன்னிக்கு நான் டப்பாவுல சோறு கொண்டாந்தப்ப பாத்தேனே, அவருதான். ரெண்டாவது மேசை. பேரு எழுதுறது அவருதான்."

"நல்லாப் பார்த்தியா?"

"என் முன்னால நின்னவளோட மகன் பேரை அவருதான் எழுதினாரு. நான் பாக்கலியா? அவரும் என்னைப் பார்த்தாரு. தலைய ஆட்டினாரு."

புத்தகம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. மருமகன் உள்ளே இருந்து வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"குடுத்துட்டீங்களா மாமா?"

"சனிக்கிழமை தர்றேன்னாரு."

"வயசும் எழுதியிருக்கீங்கள்ல?"

"மாசம் தேதியோட."

அவன் சிரித்தான். "உங்களுக்கு அரைகுறையா ஒண்ணும் செய்ய வராதே."

தங்கை அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புத்தகத்தை எப்படித் திரும்பக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால், கேட்டதே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அடுத்த மூன்று நாட்களும் லிப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் யார் படியேறினாலும் மாடிகளை எண்ணினோம். நான்காம் மாடியில் சத்தம் நின்றால் மூச்சு விட்டோம். நாட்குறிப்பில் வழக்கம்போல எழுதினேன்: மின்சாரம் இல்லாத நேரம், மழை, அரிசி. கை எழுதியது, மனசு படிக்கட்டில் இருந்தது.

சனிக்கிழமை ஆட்டம் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நான் மட்டும் போனேன். அவர் டீக்கடையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புத்தகம் செய்தித்தாளில் மடிப்புக் கலையாமல் சுற்றி, நூல் கட்டி, மேசையில் இருந்தது.

"ஆட்டம் இல்லையா சயா?"

"மைதானம் ஈரம்."

அவர் காய்ந்து கிடந்த மைதானத்தைப் பார்த்தார். "ஆமா, ஈரம்தான்," என்றார்.

டீ வந்தது. அவர் தன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்த வெள்ளைக்காரர் பாவம் சயா. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து வெயில்ல புடிச்சுப் பாப்பாருன்னு நெனச்சிருக்க மாட்டாரு."

நான் புத்தகத்தை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"கடேசிப் பக்கங்கள்லயும் ஒரு இடது கால் இருக்கு போல. நல்லா ஆடுறான். நானும் பார்த்திருக்கேன்." குரல் மாறவில்லை, சர்க்கரை கேட்பது போலத்தான் இருந்தது. "எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் லீவு சயா. மொலமியான்ல அக்கா வீட்டுக்குப் போறேன். வந்துதான் ஆபீசு. வந்தப்புறம் மேலேர்ந்து கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வராது. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க."

டீக்குப் பணம் அவர்தான் கொடுத்தார். போகும்போது, "புஸ்தகத்த நல்லா வச்சிருக்கீங்க," என்றார். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நூலை அவிழ்த்தேன். பின்பகுதியில் ஓரிடத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மருமகன் பெயர் பென்சிலில் இருந்த பக்கம்.

அழிப்பானை எடுத்து ஓர் எழுத்தை அழித்தேன். பக்கத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். பள்ளம் தெரிந்தது. இந்த வித்தையை நான் மெனு அட்டையில் செய்து காட்டியிருக்கிறேன்.

பேனாக்கத்தியை எடுத்தேன். என் வாழ்க்கையில் எந்தப் புத்தகத்திலும் ஒரு தாளைக் கிழித்ததில்லை. தையல் ஓரமாக, ஒவ்வொன்றாக, பென்சில் இருந்த பக்கம் எல்லாவற்றையும் வெட்டினேன். மின்சாரம் இல்லை, தங்கை கரி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளாக அடுப்பில் வைத்தாள். மருமகன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"அந்த மூணு கோல் போட்ட ஆட்டமும் போச்சா மாமா?"

"போச்சு."

"எழுதினப்பவே ரெண்டுதான்னு நீங்க சண்டை போட்டீங்க."

"ஒண்ணு எதிர்க்கட்சிக்காரன் கால்ல பட்டுத்தான் உள்ள போச்சு."

"இப்ப மூணுன்னு சொல்லலாம்ல?"

"சொல்லிக்கோ," என்றேன்.

அந்தச் சோற்றை மூவரும் சாப்பிட்டோம். புகை வாசம் அடித்தது.

திங்கட்கிழமை காலை, சந்தைக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அவன் ஒரு சின்னப் பையோடு இறங்கினான். பூட்ஸை எடுத்துப் போகவில்லை. பையைத் திறந்து பார்ப்பவர்கள் வயதை யோசிப்பார்கள் என்றான். எந்த வழியாகப் போனான் என்பதை எழுத மாட்டேன். எல்லை தாண்டியதும் கூப்பிடுவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை வரை அழைப்பு வரவில்லை. சனிக்கிழமை மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். பத்துப் பேர் வந்திருந்தார்கள். புத்தகத்தில் எல்லோருக்கும் வாயில் வந்த பெயரை மையில் எழுதினேன். இடது ஓரத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

டீக்கடைச் சிநேகிதர் வந்தார். அவர் தனியாக வரவில்லை. உடன் வந்தவர் டீ வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். தையலில் வெட்டுப்பட்ட ஓரங்கள் பல்வரிசை போல நின்றன. விரலால் அவற்றைத் தடவினார். அப்புறம் பர்மியில் கேட்டார், இடது ஓரத்தில் யார் ஆடுவது என்று.

"யாரும் இல்லை. பத்துப் பேர்தான்," என்றேன்.

சிநேகிதர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் வந்தவர் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்குப் புத்தகம் இல்லை. ஆட்டமும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரரும் அந்தப் புத்தகத்தோடு போய்விட்டார். அவரைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்துதான்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பியதும் தங்கையின் போன் அடித்தது. தெரியாத எண். அவள் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாமா, வந்து சேர்ந்துட்டேன். இங்க எனக்கு வேற பேரு. அந்தப் பேருக்குத்தான் அடையாள அட்டை." பெயரைச் சொன்னான். பின்னால் லாரி சத்தம் கேட்டது. "எழுதி வைக்காதீங்க."

"வைக்கல."

"மாமா, சத்தியமா."

"பேனா கையில் இல்லைடா," என்றேன். உண்மையில் சட்டைப்பையில் இருந்தது.

அந்த எண் அதன் பிறகு கிடைக்கவில்லை. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் பூசைக்குப் போனதும் மழை பெய்ததும் மட்டும் இருக்கின்றன. எழுதாத எதையும் நான் நினைவில் வைத்துப் பழகியவன் அல்ல. ஆகையால் தினமும் காலையில் பல் துலக்கும்போது அந்தப் பெயரை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று அதன் கடைசி எழுத்து சட்டென்று வரவில்லை. தங்கையைக் கேட்டேன். அவள் எழுந்து போய்ப் படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதில் சொன்னாள்.