பதினாறில் ஒன்று குறைந்தது

போன சனிக்கிழமை நான் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டேன். அதுவும் இன்னொருவர் குழந்தையை.

மயிலாப்பூரில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரை அடையாற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். செடி, பறவை எல்லாம் நேரில் பார்க்க. வழிகாட்டி சேஷாத்ரி — காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். பொறுப்புக்கு ரோஸம்மா டீச்சர். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள... நான்.

பிள்ளைகளில் ஒருத்தி ஜைனபு. அவள் அப்பா காசிம் பாய் எனக்குச் சட்டை தைப்பவர். 'பெண் படித்தது போதும், நிறுத்து' என்று அவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். "நீங்க கூடப் போறீங்கன்னுதான் சார் அனுப்புறேன்" என்றார்.

பாலத்தருகே ஜட்கா வண்டிகளை விட்டு இறங்கிக் கரையோரமாக நடந்தோம். சேஷாத்ரி ஒரு நண்டு வளையைக் காட்டினார். பிள்ளைகள் சுற்றிக் குனிந்தார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் குனிந்தது நான்தான்.

நிமிர்ந்து எண்ணினால் பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். ஜைனபு இல்லை.

ரோஸம்மா முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் ஓரமாக ஓடினார். நான் வந்த வழியே ஓடினேன். காசிம் பாயிடம் என்ன சொல்வேன்?

தாழைப் புதரைத் தாண்டினால் வெட்டவெளி. நடுவில் ஜைனபு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்கு மேலே ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே பாய்கிறது. எதிரே எருமை மந்தை.

"இங்கே வா" என்றேன்.

"மாட்டேன் சார். கீழ முட்டை கீது. மாடு மிதிச்சிடும்."

அவள் காலடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, மண் நிறத்தில் நாலு முட்டை. திட்ட வாயெடுத்தவன், பேசாமல் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எருமைகள் எங்களைப் பார்த்தன, யோசித்தன, ஒதுங்கிப் போயின. அவள் கால்கள் நடுங்கியதை அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் விலகியதும் குருவி இறங்கி முட்டைமேல் உட்கார்ந்தது.

குழந்தைதான் கிடைத்துவிட்டாளே, வெளியே சொல்வானேன் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் சாயங்காலம் காசிம் பாயின் தையல் கடைக்குப் போனேன். "கொஞ்ச நேரம் உங்க பொண்ணைத் தொலைச்சுட்டேன் பாய்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் மிஷினை நிறுத்தினார்.

"எருமை எத்தினி சார்?"

"இருபது இருக்கும்."

"பயந்துச்சா?"

"பயந்தா. ஆனா நகரலை."

கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "படிக்கட்டும் சார். வீட்ல நான் பேசிக்கிறேன்."

பெண்பிள்ளைகளை நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைப்பு நமக்கு. அவர்கள் எதையெல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்க நமக்கு எங்கே நேரம்?

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அப்பாவும் மகளும் முட்டை பார்க்கப் போனார்களாம். என்னைக் கூப்பிடவில்லை — நியாயம்தான்.