முதலில் நகல்

மெர்வ் ஃப்ளாப்பியைச் செருகி டிரைவின் கைப்பிடியைத் திருப்பினார். உள்ளே அது சுழலத் தொடங்கியது. காதை அருகில் வைத்துக் கேட்டார். உரசல் இல்லை.

"சுத்துது" என்றார்.

"சுத்தாம என்ன செய்யும்? நேத்தெல்லாம் சோப்புத் தண்ணியில முக்கி, பஞ்சால ஒத்தி, பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டினியே. உன் புள்ளைங்களுக்குக்கூட நீ இப்படிச் செஞ்சதில்ல" என்றார் ஜூலியானா.

"அதுங்க மேல பூசணம் பூக்கலயே."

ஈரம் காயாத இன்னிஸ்ஃபெய்ல் ஊரில் எதன் மேலும் பூசணம் பூக்கும். செருப்பில், சுவரில், திருமண ஆல்பத்தில். இந்த ஃப்ளாப்பி முப்பது வருஷத்துக்கு மேல் ஜூலியானாவின் அம்மாவுடைய துணி அலமாரியில் கிடந்தது. போன குளிர்காலத்தில் அம்மா இறந்த பிறகுதான் கைக்கு வந்தது. ஜூலியானாவின் தம்பி ரென்சோ, அம்மாவின் பிறந்தநாளுக்காகத் தன் குரலையே கம்ப்யூட்டர் மூலம் இதில் பதிந்து வைத்திருந்தான். அடுத்த மழைக்காலத்தில் அவன் ஜான்ஸ்டன் ஆற்றில் படகோடு மூழ்கிப் போனான். அவன் குரல் வேறெங்கும் இல்லை.

மெர்வ் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊர் முழுக்க அடுத்தவர் பேச்சை அடுத்தவருக்குச் சேர்த்துக் கொடுத்தவர், வீட்டில் அதிகம் பேசவில்லை. மனைவி அவரை விட்டு டவுன்ஸ்வில்லுக்குப் போய்விட்டாள். நிலையத்தையும் பூட்டினார்கள். அதன்பின் கொல்லைப்புற ஷெட்டில் பழைய கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்தார். மீன்பிடி சங்கம், பள்ளிக்கூடம், கரும்புக்காரர்கள் என்று எல்லோரும் பழைய ஃப்ளாப்பிகளைக் கொண்டுவருவார்கள். அதில் இருப்பதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பார். மேசைக்கு மேல் ஒரு பலகை: முதலில் நகல், பிறகுதான் பார்வை. பூசணம் பிடித்த ஃப்ளாப்பி ஒருமுறைதான் படிக்கக் கொடுக்கும், சில சமயம் அதுவும் இல்லை. அந்த ஒருமுறையில் முழுவதையும் கேபிள் வழியே இழுத்துவிட வேண்டும். "கொஞ்சம் என்ன இருக்குன்னு பாப்போமே" என்று கெஞ்சிய மீன்பிடி சங்கச் செயலாளரை, "வெளிய போய் நில்லு" என்று துரத்தியவர் அவர்.

ஜூலியானா கெஞ்சவில்லை. "உன் வழக்கப்படி செய்" என்றுதான் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம். படிக்குதான்னு தெரியணுமில்ல" என்றார் மெர்வ்.

நகலெடுத்தாலே அது தெரிந்துவிடும். மெர்வுக்குத் தன் பழைய நண்பன் ரென்சோவின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. குரலைப் பதிந்த அந்த வருஷம் ரென்சோ போன் செய்தான்: "டேய், மெஷினப் பேச வச்சிட்டேன், வந்து கேளு." அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன மெர்வ் போகவே இல்லை.

திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. பிறகு தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"அம்மா, அழாத. கேக்க வெட்டு. மாமா வந்தா ஒண்ணும் மிஞ்சாது." பின்னால் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பின் முடிவில் டிரைவுக்குள் மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. மெர்வுக்கு அது தெரியும். குரல் பதிந்திருக்கும் ஃப்ளாப்பியின் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது.

ஜூலியானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். "அவனேதான். பாவி, அவனேதான். இன்னொரு தடவ போடு, மெர்வ்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. மெர்வ் பட்டனை அழுத்தினார்.

"அம்மா, அழா—"

பிறகு தகரத்தில் ஆணி இழுத்த சத்தம். மெர்வ் கைப்பிடியைத் திருப்பி ஃப்ளாப்பியை வெளியே எடுத்தார். உறையைப் பிரித்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார். பழுப்பு வட்டின் நடுவே கண்ணாடி போல ஒரு வளையம். அதன் வழியே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது.

"போச்சா?"

"போச்சு."

ஜூலியானா அந்த வட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நான்தான் கெடுத்தேன். ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கல. இன்னொரு தடவன்னு நான் கேட்டிருக்கக் கூடாது."

மெர்வ் வாயைத் திறந்தார். அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பற்றிச் சொல்லலாம். யாரும் கேட்காமல் முதல் தடவை ஓட்டியது யார் என்று சொல்லலாம்.

"ஃப்ளாப்பிக்கு வயசாயிடுச்சு" என்றார்.

ஜூலியானா போன பிறகும் அவர் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அதன் மெமரி சிறியது. குரலைத் துண்டு துண்டாக எடுத்துப் பேசும், அடுத்த துண்டை முன்னதன் மேலேயே ஏற்றிக்கொள்ளும். கடைசியாக ஏறியது மட்டும் இன்னும் உள்ளே இருந்தது. கேபிளைச் செருகி அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு இழுத்தார். முழுதாக வந்தது. சரிபார்த்தார். எந்தப் பிழையும் இல்லை.

மறுநாள் மழை. ஜூலியானா ஒரு தட்டு லசான்யாவோடு வந்தார். மெர்வ் புதுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் காட்டினார். அம்மா, அழா.

"இது யாரு வேணும்னாலும் இருக்கலாம்" என்றார் ஜூலியானா. இருந்தும் பென் டிரைவை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் குடையை விரித்தபடி, "என் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா" என்றார்.

"டல்லி ரோட்ல தண்ணி ஏறுதாம். சுத்திப் போ" என்றார் மெர்வ்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெட்டி ஃப்ளாப்பி வந்தது. அவற்றைத் தொடுவதற்கு முன் டிரைவைத் திறந்து, ஃப்ளாப்பியை உரசிப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்தார். பஞ்சு பழுப்பானது. இன்னொரு பஞ்சு எடுத்தார். அதிலும் கொஞ்சம் வந்தது. மூன்றாவது வெள்ளையாக இருந்தது. முதல் ஃப்ளாப்பியைச் செருகி நகலெடுக்கத் தொடங்கினார்.