தராசில் ஏறிய இரும்பு

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தபோது, பச்சைக் குழந்தைகளை வாரம் ஒருமுறை எடை நிறுத்துப் பார்க்க ஓர் ஏற்பாடு வந்தது. சர்க்கார் ஒரு நர்ஸை அனுப்பியது. ரயில்வே தன் ஸ்டோரில் ஆணி நிறுக்கும் தராசைக் கொடுத்தது. எடை ஏறாத பிள்ளைகளுக்குத் தினமும் காய்ச்சிய பசும்பால் தருவதாகக் கிறிஸ்தவ சபைப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாரம் சபை மண்டபத்தில் நடந்தது. எங்கள் லைனிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் கொஞ்சம்தான். பிள்ளையை நிறுத்தால் கண் படும் என்ற பயமே பெரிது.

"புள்ள என்ன பாசார் கத்திரிக்காயா, நிறுத்துப் பார்க்க?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

கோயில் தலைவர்தான் வழி சொன்னார். "ஏன், நம்ம துலாபாரம் குடுக்கிறதில்லையா? தராசைக் கோயில் கொட்டகைக்குக் கொண்டாரச் சொல்லுங்க."

அப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் எதிர்த்தட்டில் முதலில் ஒரு வெல்லக்கட்டி வைப்பார்கள். அது சாமிக்கு. அதை எடுத்துவிட்டுப் படிக்கல் போடுவார்கள். அது நர்ஸுக்கு. எடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அட்டையில் எழுத மட்டும் செய்யலாம் என்றும் பேச்சு. சபைப் பெண்கள் ஒரே அளவில் தைத்த துணிகளைக் கொடுத்தார்கள். பிள்ளையை அதில் சுற்றி வைத்தால் நர்ஸ் துணியின் எடையைக் கழித்துக்கொள்வார்.

எனக்கு அதற்குமுன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. இவள் மூன்றாவது. பச்சைக் குழந்தையை வெளியே எடுத்தால் கூடவே இரும்பு போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கொட்டகைக்குப் போன முதல் வாரம் சின்ன ஆணி ஒன்றைத் துணி மடிப்பில் செருகினேன். அடுத்த வாரம் அது போதுமா என்று தோன்றியது. அதன்பிறகு எனக்குத் தோன்றாத பயமில்லை. என் கணவர் தண்டவாள கேங்கில் வேலை செய்தார். தட்டுமுட்டுச் சாமான்களோடு அவர் போட்டுவைத்திருந்த தண்டவாள ஆணி ஒன்றை எடுத்து வைத்தேன். பிறகு இரண்டு.

நர்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர். வாராவாரம் அட்டையைப் பார்த்து, "நல்லது பிள்ளை, கூடியிருக்கு" என்பார். அதனால் எங்களுக்குப் பால் கிடையாது. எனக்கோ பால் சுரப்பு குறைந்துகொண்டே வந்தது. டின் பாலைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டினேன்.

"தராசுல ஏறுது, தொடையில ஏறலியேலா" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதும் புரியவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை கணவர் அந்த ஆணிகளைத் துணியோடு கண்டெடுத்தார்.

"ஏன்டி, இதையா புள்ளையோட சுத்தி வைக்கிற? ரெண்டும் சேர்ந்து ஒன்றரை ராத்தல் இருக்கும்!"

இருவரும் பிள்ளையைப் பார்த்தோம்.

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தராசுக்குப் பக்கத்தில் ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி நிற்பார். ஆணி ரயில்வே சாமான். என் கணவரின் வேலை போனால் வீடும் போகும். "போகட்டும், சொல்லிடு" என்றார் கணவர். அவர் குரலில் அவ்வளவு தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை என் முறை வந்ததும் துணியைப் பிரித்து ஆணிகளை நர்ஸ் கையில் வைத்தேன். "இதையும் சேர்த்துத்தாம்மா நிறுத்தீங்க" என்றேன். அவர் பிள்ளையை மட்டும் நிறுத்தார். படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனார்.

கிராணி குனிந்து பார்த்தார். "இது எங்க ரயில் ரோட்டு ஆணியாச்சே?"

"தராசும் உங்கட சாமான்தானே. ரெண்டும் ஒரே இடத்தில இருக்கட்டும்" என்று நர்ஸ் ஆணிகளைத் தராசின் அடியில் வைத்தார். "பிள்ளைக்குப் பக்கத்தில இரும்பு இருந்தாச் சரிதானே? தட்டுக்குள்ள வேண்டாம்."

கிராணி கோயில் தலைவரைப் பார்த்தார். தலைவர் கோபுரத்தைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக ஒரு சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். அடுத்தவளிடம் உடைந்த பாக்குவெட்டி. இன்னொருத்தியிடம் மாட்டு லாடம்.

"அடக் கடவுளே, இது தராசா, பழைய இரும்புக் கடையா?" என்றார் கிராணி.

நர்ஸ் சிரிக்கவில்லை. அட்டைகளை எல்லாம் வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி நிறுத்தார். ஐந்து பிள்ளைகளுக்குப் பால் எழுதினார். முதலில் எழுதியது என் பிள்ளைக்கு. முதல் வாரம் இருந்ததைவிட இரண்டு அவுன்ஸ்தான் கூட என்றார். அதை வாய்விட்டே சொன்னார். யாரும் தடுக்கவில்லை.

அன்றே சபைப் பெண் ஒருவர் பாலோடு வந்தார். எவ்வளவு தண்ணீர் கலப்பது, பால் புகட்டும் பாலாடையை எப்படிக் கொதிநீரில் போட்டு எடுப்பது என்று காட்டினார். பிள்ளை பாதியைக் குடித்துவிட்டுத் தூங்கினாள். மூக்கின் கீழே விரலை வைத்து நான் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் எடை ஏறவில்லை. அடுத்த வாரம் கொஞ்சம் ஏறியது. அவளுக்கு நாலாவது மாதம் பிறந்த பிறகுதான் பெயர் வைத்தோம்.