வயிற்று வலிக்கு நான் சொன்ன காரணம்

கதவுக்கு வெளியே யாரோ தகர வாளியைச் சிமெண்டுத் தரையில் 'ணங்'கென்று வைக்கும் சத்தம் கேட்டால் போதும், உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிறு இறுகிவிடும். அடுத்து வரிசையில் ஆள் நிற்கிறது என்பதற்கு எங்கள் வளவில் அதுதான் அறிவிப்பு. பாளையங்கோட்டையில் அந்த வளவில் ஆறு வீடுகள் இருந்தன; ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் கிணற்றைத் தாண்டிக் கடைசியில் ஒரே ஒரு கக்கூஸ். அப்பாவுக்கு மாற்றல் வந்து கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாங்கள் அங்கே குடிவந்தபோது தொண்ணூறுகள் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஊரில் எங்களுக்கென்று பின்கட்டில் தனியாக இருந்ததற்குப் பழகியவளுக்கு, கையில் வாளியோடு ஆறு வீட்டு வாசலையும் கடந்து நடப்பதே பெரும் பாடாக இருந்தது. தாழ்ப்பாள் வேறு சரியாக விழாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அதனால் அடக்கப் பழகினேன். முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு, மூன்று. பள்ளிக்கூடத்திலும் போக வழியில்லை, அங்கே பாதிக் கழிப்பறைகளுக்குக் கதவு கிடையாது. தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டி வரும் என்று குடிப்பதையும் குறைத்தேன். கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மூன்று வேளையும் தோசையும் தயிர்சாதமுமாகத் தின்றேன். சில மாதங்களில் போகவேண்டும் என்ற உணர்வே மங்கிப்போனது. எப்போதாவது வந்தால் உயிர் போகும் வலியும் ரத்தமுமாக வந்தது. எனக்கு ஏதோ பெரிய நோய் என்று முடிவு கட்டியும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேகப்பட்டு விளக்கெண்ணெய் கொடுத்தாள். அன்று ஏழெட்டு முறை வாளியும் கையுமாக நான் ஓடியதை வளவே பார்த்தது. நான்காம் வீட்டு மதினி, "பிள்ளைக்கு இன்னைக்கு பேதிக்குக் குடுத்திருக்கியளோ?" என்று முற்றத்தில் நின்று சத்தமாகக் கேட்டாள். கல்லூரியில் படிக்கும் அவள் தம்பி சிரித்தான். அதற்குப் பிறகு அம்மா "வெளிக்குப் போனியா?" என்று கேட்கும்போதெல்லாம் "போயிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிப் பிரார்த்தனையில் நிற்கும்போது வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி வந்து, கண் இருட்டி விழுந்துவிட்டேன். வேப்பமரத்தடி பெஞ்சில் படுக்கவைத்து டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். சுற்றிலும் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"என்னட்டி தின்ன?" என்று டீச்சர் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வருடம் முழுவதும் எனக்கு என்ன பட்டப்பெயர் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "வாசல்ல இசக்கியக்காட்ட நெல்லிக்கா வாங்கித் தின்னேன்" என்றேன்.

இசக்கியக்கா பள்ளி வாசலில் சாக்கு விரித்து நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் கொய்யாவும் விற்பவள். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பார்கள். சாலையில் பஸ் வந்தால் எழுந்து நின்று, "நில்லுங்கட்டி, பைய போங்க" என்று பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவாள். ஒரு வாரத்துக்கும் மேலாக நான் அவளிடம் எதுவுமே வாங்கியிருக்கவில்லை.

டீச்சர் சொல்லியனுப்ப, கால் மணி நேரத்தில் பள்ளிக் காவல்காரர் அவளை வாசலிலிருந்து எழுப்பிவிட்டார். பெஞ்சில் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சண்டை போடவில்லை. "எந்தப் பிள்ளைன்னு சொல்லுங்க, நானே பாத்துக் கேக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் சொல்லவில்லை. சாக்கின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து தலையில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான் விழுந்த அன்று மாலையே அம்மா என்னை ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வயிற்றை அமுக்கிப் பார்த்ததும் அவர் சாதாரணமாக, "வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சும்மா?" என்றார். "எட்டு" என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மருந்து கொஞ்ச நாளைக்குத்தான், மற்றதெல்லாம் வீட்டில் நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். தண்ணீர், கீரை, பழம், நடை, எல்லாவற்றுக்கும் மேலாக தினமும் ஒரே நேரத்தில் அவசரமில்லாமல் உட்காருவது. "பயந்தா வராது. பிள்ளைய யாரும் வெரட்டக்கூடாது, பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவிடம் இசக்கியக்கா விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "இப்பம் போயி என்னன்னு சொல்ல? பொம்பளப் பிள்ளைக்கு வயிறு போகலன்னு பள்ளிக்கூடத்துல போயி சொல்ல முடியுமா? விடு, அவ வேற எடம் பாத்துக்கிடுவா" என்றாள். அதை விட்டுவிடுவதில் எனக்கு எவ்வளவு நிம்மதி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மறுநாளிலிருந்து என்னைக் குணப்படுத்துவதில் வீடே இறங்கியது. விடிந்தும் விடியாமலும் அம்மா எழுப்பிப் பெரிய லோட்டாவில் வெந்நீர் கொடுப்பாள். பிறகு என்னோடு வந்து, துவைக்கிற கல்லில் கக்கூஸுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். யார் வந்தாலும், "பிள்ள உள்ள இருக்கா, செத்த நேரங் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அப்பா, ஒரு நாள் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிவந்து தானே முடுக்கினார். மத்தியானம் கீரை, சாயங்காலம் பப்பாளி, சைக்கிளில் கொண்டுபோய் விடுவதை நிறுத்தி நடத்தியே பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். முதல் வாரம் பலன் அவ்வளவாக இல்லை. ஒரு மாதத்துக்குள் வலியில்லாமல் போகத் தொடங்கி, பிறகு அது தினசரி ஆனது. நான் பயந்து உட்கார்ந்த இடம் சாதாரண இடமாகிவிட்டது.

அப்படி உடம்பு தேறியிருந்த நாளில்தான், அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனபோது இசக்கியக்காவைப் பார்த்தேன். நிழலான இடமெல்லாம் பழைய ஆட்கள் பிடித்திருக்க, அவள் வெயிலில் சாக்கு விரித்திருந்தாள். மாங்காய்க் கீற்றுகள் ஓரம் சுருங்கிக் கிடந்தன. அம்மா காய் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவள் என்னைக் கண்டுகொண்டாள்.

"ஏட்டி, நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளதான? எந்தப் பிள்ளைக்கோ வயித்து வலின்னு என்னய எழுப்பி விட்டுட்டாவ. ஒனக்கு அந்தப் பிள்ளயத் தெரியுமா? இப்பம் சரியாயிட்டா அதுக்கு?"

"சரியாயிட்டுக்கா" என்றேன்.

"பொறவு என்ன" என்று சொல்லிவிட்டு, மாங்காய் மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள்.

அந்த வளவு இப்போது இல்லை. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. பள்ளியில் வரிசையாக ஓடு பதித்த கழிப்பறைகள் கட்டிவிட்டார்கள், வாசலில் ஒருவரும் சாக்கு விரிப்பதில்லை. பழைய மார்க்கெட்டும் இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது இரண்டு மூன்று வயதான வியாபாரிகளிடம் இசக்கியக்காவைப் பற்றி விசாரித்தேன். "எந்த இசக்கி? இங்கன எத்தன இசக்கி" என்று கேட்டார்கள். அவளுடைய ஊர், தெரு, வீட்டுக்காரர் பெயர் என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

வயிற்றைப் பற்றி இப்போது யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுகிறேன், என் மகளையும் அப்படியே பேசப் பழக்கியிருக்கிறேன். இசக்கியக்கா விசாரித்த அந்தப் பிள்ளை நான்தான் என்பதை மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.