பஞ்சி என்று சொன்னேன்

விருப்பமில்லை என்பதைச் சொல்ல எங்கள் வீட்டில் பல சொற்கள் இருந்தன. ஒன்றின் இடத்தில் மற்றதை யாரும் போடுவதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொன்னால் நான் “பஞ்சியாக் கிடக்கு” என்பேன். பஞ்சி என்றால் உடம்பு வளையவில்லை, அவ்வளவுதான். ஓர் அதட்டல் விழுந்தால் எழும்பிவிடுவேன். தண்ணீர் இறைக்கும் மிசினை யாராவது இரவல் கேட்டால் அப்பா “பாப்பம்” என்பார். கேட்டவர் அத்தோடு வேறு வீடு பார்ப்பார்.

“மனமில்லை” மட்டும் வேறு ரகம். அம்மா அதைச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். எங்கள் சிவத்த பசுவை விலைபேச ஆள் வந்தபோது, “எனக்கு இதை விக்க மனமில்லை” என்றார். அப்பா அந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைய வேண்டும். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சந்தோசம்தான் முதலில் வருகிறது. திருவிழாக் காலத்தில் அக்கா என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு அளவெட்டிக்கு மேளம் கேட்கப் போவாள். எதிர்காற்று அடித்தால், “இறங்கித் தள்ளடி” என்பாள். நான் பஞ்சிப்பட்டுக்கொண்டே இறங்குவேன். அவளைப் போல் என்னைச் சிரிக்க வைத்தவர்கள் பிறகு யாருமில்லை.

அப்போதுதான் கனடாவில் இருக்கும் ஒருவரின் சம்பந்தம் அக்காவுக்குப் பேசி வந்தது. கலியாணத்துக்குச் சம்மதமா என்று பெற்ற தாய் மகளிடம் நேரே கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தங்கையையோ மச்சாளையோ விட்டுத்தான் கேட்பார்கள். அம்மா வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டே, “கொக்காவின்ரை மனதை ஒருக்கா அறிஞ்சுகொண்டு வா” என்று என்னை அக்காவிடம் அனுப்பினார்.

அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கை நின்றது.

“எனக்கு உங்களையெல்லாம் விட்டிட்டுப் போக மனமில்லை. அப்பிடியே அம்மாட்டைச் சொல்லு.”

கிணற்றடியிலிருந்து தலைவாசலுக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் என் புத்தி கெட்டது. இதைச் சொன்னால் அம்மாவின் முகம் விழுந்துபோகும், என் மேல்தான் முதலில் பாய்வார் என்று பயந்தேன். அக்கா போனால் சைக்கிள் எனக்கு என்ற ஆசையும் இருந்தது. அதை இத்தனை வருடமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“கொஞ்சம் பஞ்சிப்படுறா.”

அம்மா சிரித்துவிட்டார். “எல்லாக் குமருகளும் முதல் அப்பிடித்தான். போனால் சரிவரும்.”

மூன்று மாதத்தில் எல்லாம் சரிவந்தது. சாவகச்சேரிக்குப் போய் அங்கிருந்து கொழும்பு, பிறகு கனடா என்று ஏற்பாடு; கலியாணம் அங்கேதான். அன்று காலை அறைக்குள் நானும் அக்காவும் மட்டும். பையைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்டைக்கு நான் சொன்னதை அம்மாட்டைச் சொன்னனியோ?”

“ஓம்.”

“மனமில்லை எண்டோ?”

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி நேரம். அது எனக்குத் தெரியும்.

“ஓம், அப்பிடியேதான் சொன்னனான்.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். தன் மனம் தெரிந்தும் அம்மா அனுப்புகிறார் என்று அந்த நிமிடத்தில் நம்பிவிட்டாள்.

வாசலில் அம்மா அவளுக்குத் திருநீறு பூசி, கட்டிப்பிடித்து, “போயிட்டு வா பிள்ளை” என்று விம்மி அழுதார். அக்கா அசையாமல் நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் பையின் பிடியை விடவேயில்லை.