ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்

எஞ்சின் அலறியது; வண்டி நகரவில்லை. தண்டவாளத்தின் நடுவே நின்றிருந்தோம். பின்னால் மனைவி, அவள் மடியில் திருத்திய நோட்டுகளின் பை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் மட்டும் முன்னால் ஓடியது. கேட் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. "எறங்கித் தள்ளுங்கப்பா!" என்று கேட்காரர் கத்தினார். அவள் குதித்தாள். தள்ளினோம். அக்கரை சேர்ந்தபின் அவள் தண்டவாளத்தில் கழன்று விழுந்த ஒற்றைச் செருப்பை எடுக்கத் திரும்பினாள். முழங்கையைப் பிடித்து இழுத்தேன். சரக்கு ரயில் போனது. போய்க்கொண்டே இருந்தது.

அது வெள்ளிக்கிழமை. திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். இருபது வருட வண்டி. இருபது வருடமாக அவள் கை என் தோளில்.

சனிக்கிழமை காலையில், தண்டவாளத்தில் நின்ற கதை பரவிவிடாமல் இருக்க, என்னைத் தெரியாத ஒரு கடையாகப் பார்த்துக் கிளட்ச் பிளேட் வாங்கப் போனேன்.

"போன வருசந்தான மாத்துனேங்குறீங்க? இம்புட்டுச் சீக்கிரம் வழுக்குமாண்ணே? என்ன ஆயில் ஊத்துறீங்க?"

சொன்னேன். மச்சான் தன் காருக்கு வாங்கியதில் மீந்தது. விலை கூடின ஆயிலாயிற்றே, வீணாக வேண்டாமென்று முந்தின வாரம் நானே ஊற்றினேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "கார்ல கிளட்ச் தனியாக் கெடக்கும். பைக்ல ஆயிலுக்குள்ளயே கெடக்குண்ணே. அந்த ஆயிலு வழுவழுன்னு இருக்கும், பிளேட்டு எப்படிப் பிடிக்கும்? மச்சான் நல்ல சீருதான் செஞ்சிருக்காரு!"

நானும் சிரித்தேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது. அவளைத் தண்டவாளத்தில் நிறுத்தியது வண்டியின் வயதல்ல. என் கை.

தெருமுனை மெக்கானிக் அவளிடம் படித்தவன். அவனிடம் விட்டால், "டீச்சர், சார் பாத்த வேலையப் பாருங்க" என்பான். அதனால் வீட்டு வாசலிலேயே பிரித்தேன். பழைய ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கிளட்ச் கவரைத் திறந்தேன். கருகின வாடை. பிளேட்டுகள் கண்ணாடியாகப் பளபளத்தன. புதியவற்றை அடுப்படிச் சட்டி ஒன்றில் பைக் ஆயில் ஊற்றி ஊறப் போட்டேன்.

"வெஞ்சனம் வைக்கிற சட்டியவா எடுத்தீங்க? நாளைக்கு இதுலதான் உங்களுக்குச் சோறு." சொல்லிவிட்டு அருகில் குந்தினாள். "எதனாலங்க இப்படி ஆச்சு?"

"பழைய வண்டில்ல."

பொய் அவ்வளவு சின்னதாக இருந்தது.

கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஆயில் ஒழுகாமல் வைக்கும் காகிதப் பேக்கிங் கிழிந்திருந்தது. வழக்கம்போல் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கவர்மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டினேன். அச்சு விழுந்த வழியே வெட்டினேன். அது கைப்பழக்கம். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் போல்ட்டுகள் நான்கிலும் அந்தப் பழக்கம் உதவவில்லை. கூட முறுக்கினால் அலுமினியம் முறியும். குறைய முறுக்கினால் கழன்றுவிடும். எவ்வளவு போதும்? முறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி முறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது, காதுக்குள்.

ஞாயிறு அவள் சர்ச் பூசைக்கு நடந்தே போனாள். நான் தெருவைப் பதினைந்து தடவை சுற்றினேன். வண்டி நன்றாக இழுத்தது. நன்றாக இழுத்ததுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் கேட் வரைக்கும் நன்றாகத்தானே இழுத்தது.

திங்கட்கிழமை. அவள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு ஏறினாள். தோளில் கை. வழியெல்லாம் எஞ்சினைக் கேட்டேன். அவள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. கேட் திறந்திருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

பின்னால் நிலக்கோட்டைக்குப் போகிற பூ வேன். டிரைவர் தலையை நீட்டினார். "அப்பு, போறியா, இல்ல இங்கயே கூடாரம் போடுறியா?" ஓரம் கட்டினேன். வேன் போனது. மல்லிகை மணம் கொஞ்ச நேரம் நின்றது.

"எறங்கு. நீ நடந்து வா."

"ஏன்? சரியாயிருச்சுன்னீங்க?"

"ஆயில மாத்தி ஊத்துனது நான். உங்கண்ணன் கார் ஆயிலு. அதனாலதான் அன்னைக்கு நடுவுல நின்னுச்சு."

அவள் இறங்கினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பழைய வண்டின்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

நடந்து கடந்தாள். அக்கரையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். நான் கிளட்சை விட்டேன். பிடித்தது. தாண்டினேன்.

மாதங்கள் ஆகிவிட்டன. கிளட்ச் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும், நான் சொல்லாமலே அவள் இறங்கிவிடுகிறாள். நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்குகிறாள். அந்தக் கை உயரும்வரை லீவரை இறுக்கிப் பிடித்துக் காத்திருக்கிறேன், தோளில் எதுவும் இல்லாமல்.