பிப்ரவரியில் வராத பௌர்ணமி

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குத் திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. கத்தரிக்காய் விலையைக்கூட எக்ஸ் என்று வைத்துக்கொண்டுதான் யோசிப்பேன். "அந்த எக்ஸை வெச்சு ஒரு வேளை கொழம்பு வை பாக்கலாம்" என்பாள் அம்மா.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் எக்ஸுக்கு நிஜமாகவே வேலை வந்தது. அக்கா ஆசிரியர் பயிற்சியை முடிக்கும் சமயம். கடைசித் தவணை இரண்டாயிரம் ரூபாயைப் பிப்ரவரிக்குள் கட்டினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கையில் நானூறுதான் இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தோடு முதல் தவணைக்கே அடகுக்கடைக்குப் போயிருந்தது; அவள் களை பறித்து வரும் கூலி வயிற்றுக்கே சரியாக இருந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் பெஞ்சு போட்டு எலுமிச்சை சாதப் பொட்டலம் விற்போம். மற்ற நாளில் அங்கே வாங்க ஆள் கிடையாது.

"மாசிப் பௌர்ணமிக்குள்ள தேத்திடலாம்" என்றாள் அம்மா.

தைக்கு ஒன்று, மாசிக்கு ஒன்று. ஒரு பௌர்ணமிக்கு எக்ஸ் ரூபாய் மிஞ்சினால், இரண்டு எக்ஸ் கூட்டல் நானூறு சமம் இரண்டாயிரம். எக்ஸ் எண்ணூறு. பொட்டலத்துக்கு இரண்டு ரூபாய் நிற்கும் என்பதால் நானூறு பொட்டலம் கட்டவேண்டும். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு போட்டேன். காலண்டரைப் பார்க்கத் தோன்றவே இல்லை. மாசத்துக்கு ஒரு பௌர்ணமி என்பதைத் திருவண்ணாமலையில் பிறந்தவள் சரிபார்க்கவா போகிறாள்?

தைப் பௌர்ணமி ஜனவரி கடைசி நாளில் வந்தது. நானூறு பொட்டலமும் போய், கணக்குப்படி எண்ணூறு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள், அடுத்த பௌர்ணமியைப் பார்க்க அக்கா காலண்டரைப் புரட்டினாள். பிப்ரவரியை இரண்டு தடவை புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பிப்ரவரியில் பௌர்ணமியே இல்லை. மார்ச் இரண்டாம் தேதி இருந்தது.

"மாசியிலதானே வருது? நான் சொன்னது சரிதானே?" என்றாள் அம்மா. சரிதான். அவள் மாசி என்றதைப் பிப்ரவரி என்று எடுத்துக்கொண்டது நான்தான். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அந்த மாதம் முழுக்க அம்மா கேட்காத இடமில்லை. கடைசியில் மூன்று பேரும் பயிற்சிப் பள்ளி ஆபீசுக்குப் போய் நின்றோம்.

"மூணே மூணு நாள் சார். பௌர்ணமி முடிஞ்ச கையோட கொண்டாந்து கட்டிடறோம்."

"பௌர்ணமிக்கும் ஃபீஸுக்கும் என்னம்மா சம்பந்தம்? இன்னிக்கு சாயந்திரம் பரீட்சை லிஸ்ட் மெட்ராஸ் போவுது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்களுக்கு இரண்டு பேருமே கையை விரித்துவிட்டார்கள்.

மாசிப் பௌர்ணமிக்கும் பெஞ்சு போட்டோம். அரிசியைச் சும்மா வைத்திருக்க முடியாதே. இருட்டும் நேரத்தில் அக்காவின் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் செருப்பில்லாத காலோடு நடந்து வந்து எங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

"லிஸ்ட்ல உன் பேரையே காணோமேடி, என்ன ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அக்கா பொட்டலத்துக்கு நூல் சுற்றி முடித்து அவளிடம் நீட்டினாள்.

"அஞ்சு ரூபா" என்றாள்.